சீனி, ஜீரா, நான் நீக்கிய ஒரு வரி

போன பௌர்ணமியன்று காலை எட்டு மணி இருக்கும். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள்.

கிரிவலம் வரும் வாசகர்களில் சிலர் போகிற போக்கில் என்னையும் பார்த்துவிட்டுப் போவதுண்டு. எனக்கும் அது பிடிக்கும் — மறைப்பானேன்? செல்ஃபிக்குத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டு, “வாங்க, வாங்க” என்றேன்.

அவர்கள் கிரிவலம் வந்தவர்கள் இல்லை. உள்ளூர்க்காரர்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத கிரீஸ். பெயர் காதர் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மனைவி நூர்ஜஹான், வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். பர்தா போட்டிருந்தார். கழுத்திலிருந்து ஒரு சுருக்குப்பை தொங்கியது. வெல்வெட் துணி, ஓரமெல்லாம் லேஸ். அதன் அடியை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தார். ததும்பத் ததும்ப ஊற்றிய டம்ளரை ஏந்தி வருகிறவரைப் போல.

“சார், சீனிக்குக் காலு வரல” என்றார் அந்த அம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சீனி? கால் ஏன் வரவில்லை?

அவர் பையின் கயிற்றைத் தளர்த்தினார். உள்ளே, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சாம்பல் நிற ஜீவன். நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரு கறுப்புக் கோடு. முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கண்கள். முன்னங்கால்கள் இரண்டும் துணியைப் பற்றிக்கொண்டிருந்தன. பின்னங்கால்கள்... அவை வேறு யாருடையவையோ போல் பின்னால் கிடந்தன.

சுகர் கிளைடர்.

அப்போதுதான் காதர் பாய் ஒரு அட்டையை என்னிடம் நீட்டினார். லேமினேட் செய்த அட்டை. அதற்குள், பத்திரிகையில் நான் வாரா வாரம் எழுதும் பத்திகளில் ஒன்று. மேலே பத்து வருஷத்துக்கு முந்தைய, முடியோடு இருக்கும் என் போட்டோ.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் வந்தது. ‘சட்டைப் பைக்குள் ஒரு விமானம்’ என்று தலைப்பு. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நிறையக் கடிதங்கள் வந்தன. ஆஸ்திரேலியாப் பக்கத்துக் காட்டு மரங்களில் வாழும் பிராணி, கைக்கும் காலுக்கும் நடுவே தோல் விரித்துக் காற்றில் மிதக்கும், பகலெல்லாம் நம் சட்டைப் பைக்குள் தூங்கும், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு பாரா. “ஒரு ஸ்பூன் தேன், நாலு துண்டு வாழைப்பழம், கொஞ்சம் ஆப்பிள் — முடிந்தது சமையல்! உப்பு இல்லை, காரம் இல்லை என்று குறை சொல்லாத ஒரே குடும்ப உறுப்பினர்!”

ஆச்சரியக்குறி இரண்டு. அன்றைக்கு நான் ரொம்பக் குஷியாக இருந்திருக்கிறேன்.

“நீங்க வளத்தவரு. நீங்க ஒரு தடவ பாத்தா இன்னா ஏதுன்னு தெரியும்னு இட்டுக்கினு வந்துட்டோம்” என்றார் காதர் பாய்.

வளர்த்தவர். நானா?

நான் வளர்த்ததாக அந்தப் பத்தியில் எழுதவில்லை. வளர்க்கவில்லை என்றும் எழுதவில்லை. அது எங்கள் தொழிலில் ஒரு சாமர்த்தியம். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில், அவர் மகள் வளர்த்த ஜோடியை ஒரே ஒரு மாலை பார்த்தேன். மொத்தம் ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் டீ குடித்தேன்.

இதை அவர்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. ஒரு விரலால் அந்தத் தலையைத் தொட்டேன். விஷயம் தெரிந்தவன் போல் ‘ம்...’ என்று இழுத்தேன்.

“டாக்டர்கிட்ட காட்டிடலாம். நானும் வரேன்” என்றேன்.

என் மனைவி வசந்தி கொண்டுவந்த காபியை அவர்கள் தொடவில்லை. காரில் போகும்போது நூர்ஜஹான் பேசிக்கொண்டே வந்தார். பயத்தில் வரும் பேச்சு.

“ராத்திரில தைக்கிறவ சார் நானு. பகல்ல கஸ்டமருங்க வந்துக்கினே இருப்பாங்க, கத்தரிக்கோல எடுக்க முடியாது. எல்லாரும் தூங்கினப்புறம் மிஷின்ல உக்காந்தா மூணு மணி ஆயிடும். ஒரே பயமா இருக்கும். உங்களது படிச்சேன்... இதுங்களும் ராத்திரி முழிச்சிக்கினு இருக்கும்னு போட்டிருந்தீங்க. அதாங்க, சண்ட போட்டு வாங்கினேன் இவருகிட்ட. ரெண்டு வருஷம் ஆச்சி. ஆணுக்கு சீனி, பொண்ணுக்கு ஜீரா. மிஷின் ஓடுற சத்தம் கேட்டா போதும், ரெண்டும் வந்து என் தோள்மேல ஏறிக்கும்.”

பெயரே இனிப்புதான். சீனி. ஜீரா.

“இது நல்ல புள்ள சார். சொன்ன பேச்சு கேக்கும். ஜீராதான் திருடி. லைட்டுக்கு வர்ற பூச்சியல்லாம் பாஞ்சி பாஞ்சி புடிச்சித் தின்னும். நான் வுட மாட்டேன். வாய்ல கைய வுட்டு புடுங்கிப் போட்டுடுவேன். கண்டதையும் தின்னா வயிறு கெட்டுடுமில்ல? நீங்க எழுதினத தாண்டி எதுவும் குடுத்தது கெடயாது சார்.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. நாங்கள் போனபோது ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இத நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். கையில எடுக்கறது இதான் முதல் தடவை” என்று உண்மையைச் சொன்னார். நான் காலையிலிருந்து சொல்லாத மாதிரியான வாக்கியம் அது.

பின்னங்கால் விரலை மெதுவாகக் கிள்ளிப் பார்த்தார். அசைவு இல்லை. சீனி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அதற்கு வலித்ததா, வலிக்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“நாலு நாளா தாவல. நேத்துலேர்ந்து இழுத்துக்கினு போவுது” என்றார் நூர்ஜஹான்.

“என்ன சாப்பாடு குடுத்தீங்க?”

“சாயங்காலம் எழுந்ததும் தேனு. அப்புறம் வாழப்பழம், ஆப்பிளு. சீசன்ல சப்போட்டா. நோம்பு மாசத்துல மட்டும் பேரீச்சம்பழம் கொஞ்சம்.”

“வேற? முட்டை? பூச்சி, புழு? கால்சியம் பவுடர்?”

“புழுவா?” நூர்ஜஹான் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். “அய்யோ, இல்லீங்க டாக்டர். சாரு எழுதினதுதான்.”

காதர் பாய் அட்டையை நீட்டினார். டாக்டர் படித்தார். நின்ற இடத்திலேயே கடைசி வரி வரைக்கும் படித்தார். என் வாழ்க்கையில் என் எழுத்தை ஒருவர் படித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆனதில்லை.

“யாருங்க இத எழுதினது?”

“இவருதான்” என்று என்னைக் காட்டினார் நூர்ஜஹான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“தேன்லயும் பழத்துலயும் எலும்புக்கு வேண்டிய சத்து கிடையாது சார்” என்றார். “ஆனா உடம்புக்கு அது தினமும் வேணும். வெளியிலேர்ந்து வரலன்னா எங்க போகும்? சொந்த எலும்புலேர்ந்துதான் எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எடுத்து, இப்ப முதுகெலும்பு சாக்பீஸ் மாதிரி ஆயிருக்கும். பார்க்கறதுக்கு நல்லா கொழுகொழுன்னு இருந்திருக்குமே?”

“ஆமாங்க” என்றார் நூர்ஜஹான் சின்னக் குரலில். “எல்லாரும் நல்லா வளத்திருக்கேன்னு சொல்வாங்க.”

“அது ரெண்டு வருஷமா தன்னையே சாப்பிட்டுட்டு இருந்திருக்கும்மா.”

வெளியே அந்தக் கன்றுக்குட்டி கத்தியது.

நூர்ஜஹான்தான் முதலில் வாயைத் திறந்தார். “சார் தப்பா எழுத மாட்டாருங்க டாக்டர். நான்தான் அளவுல கம்மி பண்ணிட்டேன் போல. ஆர்டர் ஜாஸ்தி இருக்கற நாள்ல தேன் வைக்க நேரமாயிடும்...”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை.

ஏன் என்றால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. நான் தெரியாமல் தப்பாக எழுதியவன் இல்லை. அப்படியிருந்தால் பரவாயில்லையே!

அன்றைக்குச் சென்னை வீட்டில், நண்பரின் மகள் ஃப்ரிட்ஜைத் திறந்து எனக்குக் காட்டினாள். வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. அதற்குள் காய்ந்த புழுக்கள். கூடவே வெள்ளைப் பவுடர் ஒரு பாட்டில். “அங்கிள், இது ரெண்டும் இல்லாம பழம் மட்டும் குடுத்தா இதுங்களுக்குக் கால் போயிடும்” என்றாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்!

நான் அதைக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதவும் செய்தேன். ஒரே ஒரு வரி. பிறகு படித்துப் பார்த்தபோது பத்தி பக்கத்துக்குள் அடங்கவில்லை. எதையாவது எடுக்க வேண்டும். தேன், வாழைப்பழம் என்று இனிப்பாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ‘புழு’ என்ற சொல் நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியும் கையுமாகப் படிப்பார்களே... முகம் சுளிக்க மாட்டார்களா?

எடுத்துவிட்டேன். மாமியார் ஜோக் ஒன்று இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை.

டாக்டர் சென்னையில் தன்னோடு படித்த ஒருவருக்கு போன் செய்தார். அவர் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிறவராம். அவரிடம் கேட்டுக் கேட்டு, ஒரு துளி மருந்தை ஊசியில் ஏற்றிச் சீனிக்குப் போட்டார். “இங்க இவ்வளவுதான் முடியும். உடனே கிளம்பிச் சென்னைக்கு அவர்கிட்ட போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. இன்னொண்ணு வீட்ல இருக்குன்னீங்களே? அதுக்கும் இன்னைலேர்ந்தே சாப்பாட்ட மாத்தணும். நான் எழுதித் தரேன்.”

கிளம்பினோம். எங்கே கிளம்புவது? அன்று பௌர்ணமி. ஊருக்குள் எல்லா ரோட்டையும் மறித்திருந்தார்கள். ஒரு பக்கம் போனால் தடுப்பு, திரும்பி இன்னொரு பக்கம் வந்தால் வரிசையாக பஸ்கள். அவசரம் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். யாரும் படுத்திருக்கவில்லை. “இன்னா சார் அவசரம்?” என்று கேட்டார். என்ன சொல்வது? நூர்ஜஹான் பையைத் திறந்து காட்டினார். அவர் ஒரு கணம் பார்த்தார். தடுப்பை நகர்த்தி வழிவிட்டார். அதுவரை யாரிடமும் நான் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை. ஆனாலும் கீழ்பென்னாத்தூரைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எதிரே சென்னையிலிருந்து வேன் வேனாக வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தோம்.

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால், பாறைகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில், பின்னாலிருந்து நூர்ஜஹானின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. கணவரிடம்.

“ஏங்க... வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

“சூடு போயிடுச்சி” என்றார் அவர்.

காதர் பாய் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே பழகிய கை. கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தார். பிறகு வெளியே எடுத்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார்.

நூர்ஜஹான் அழவில்லை. பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். இரண்டு முடிச்சு. தையல்காரரின் முடிச்சு.

“நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல” என்றார். “ஒரு நாளு தவறாம வச்சேனே. இவருக்கு சோறு ஆக்க மறந்தாலும் அதுங்களுக்கு வச்சேனே...”

அப்போது சொன்னேன்.

தைரியத்தில் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சை அதற்கு மேல் கேட்க முடியாமல்தான் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர் வீடு. ஒரு மணி நேரம். அந்தப் பெண் காட்டிய டப்பா. அவள் சொன்னது. நான் எழுதியது. நான் எடுத்தது.

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது.

“அப்போ நீங்க வளத்ததே இல்லையா?”

“இல்லம்மா.”

“அந்தப் பாப்பா சொல்லிச்சி. நீங்க எழுதினீங்க. அப்புறம் எடுத்துட்டீங்க.”

“ஆமாம்மா. இடம் பத்தல...”

“எத்தினி வரி சார்?”

“ஒண்ணு.”

கண்ணாடியில் அவர் கண்கள் என் மேல் நின்றன. கோபம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“வேற எதெல்லாம் இப்படி எழுதினீங்க?” என்று கேட்டார்.

இருபது வருஷமாக வாரா வாரம் எழுதுகிறேன். சளிக்குக் கஷாயம் எழுதியிருக்கிறேன். பிள்ளை வளர்ப்பது பற்றி எழுதியிருக்கிறேன். மருமகளோடு எப்படிப் பேச வேண்டும், மாத்திரை சாப்பிடாமல் சர்க்கரையை எப்படிக் குறைக்கலாம்... எத்தனை! எல்லாம் படிக்க ருசியாக இருக்கும். எதில் எந்த வரியை எடுத்தேன்? எனக்கே நினைவில்லை.

“விடு நூரு. சாரு வேணும்னு செஞ்சாரா?” என்றார் காதர் பாய். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் குரலிலும் காலையில் இருந்த நம்பிக்கை இல்லை.

“வேணும்னு செஞ்சாருன்னு நான் சொல்லல” என்றார் நூர்ஜஹான். அவ்வளவுதான். வண்டியைத் திருப்பினேன்.

ஊர் நெருங்கும்போது காதர் பாய் மெதுவாகச் சொன்னார். “எங்க போர்ஷன்ல மண்ணே இல்ல சார். எல்லாம் சிமெண்ட்டு. எங்க பொதைக்கிறது?”

“எங்க வீட்டுக்குப் பின்னால இடம் இருக்கு. நெல்லி மரம் ஒண்ணு...”

“வேணாம்” என்றார் நூர்ஜஹான்.

நான் கியரை மாற்றினேன்.

அடி அண்ணாமலையில் காதர் பாயின் பழைய கஸ்டமர் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. போன் செய்தார். ‘இதுக்கெல்லாமா கேப்பாங்க, வாங்க பாய்’ என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. ஆனால் கிரிவலப் பாதையில் அன்று கார் போக முடியாது. தடுப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். இருவரும் இறங்கினார்கள்.

ஆயிரக்கணக்கான பேர் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். கற்பூர வாசனை, இளநீர் வண்டிகள், மைக்கில் யாரோ காணாமல் போன ஒருவரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அவர்களும் கலந்து நடந்தார்கள். காதர் பாய் முன்னால். நூர்ஜஹான் பின்னால். அவர் இப்போதும் பையின் அடியை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டுதான் போனார். யாரும் இடித்துவிடக் கூடாதென்று தோளைக் குறுக்கிக்கொண்டு.

எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒன்று தோன்றியது. நம் பேச்சை அலட்சியமாகக் கேட்கிறவர்களுக்கு நம்மால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. சிரித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிவிட்டு, அந்தத் தாளில் பஜ்ஜி வைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். நம்மை நம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள்தான் வெட்டி எடுத்து லேமினேட் செய்கிறார்கள். அவர்கள்தான் ஒரு நாள் தவறாமல் அப்படியே செய்கிறார்கள்.

ஜீரா பிழைத்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் நூர்ஜஹான் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாராம். புழுவைக் கையால் எடுத்தே கொடுக்கிறாராம். கால் பலவீனம்தான், ஆனால் போய்விடவில்லை. திருடித் தின்ற பூச்சிகள் அதைக் காப்பாற்றியிருக்கும் என்றார் டாக்டர். இதை நூர்ஜஹானிடம் சொல்ல வேண்டாம் என்று நான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பத்து நாள் கழித்து நூர்ஜஹான் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார். வசந்தி போய்க் கையைப் பிடித்து அழைத்ததும் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஜீரா வாலக் கடிச்சிக்குது சார்” என்றார். “ரத்தம் வர்ற அளவுக்கு. தனியா இருந்தா அப்படித்தான் பண்ணுமாம். கூட்டமா வாழ்ற ஜென்மமாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“இன்னொண்ணு வாங்கித் தரட்டுமா?” என்றேன் அவசரமாக.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே செத்துப்போனது.

“இன்னொண்ணு வாங்கினா, ஒண்ணு போனப்புறம் மறுபடியும் ஒண்ணு தனியா நிக்கும். அப்புறம் இன்னொண்ணு. இதுக்கு முடிவே கெடயாது. விழுப்புரத்துல ஒரு அம்மா பெரிய கூண்டு கட்டி ஆறு வச்சிருக்காங்களாம். சரியான சாப்பாடு போட்டு வளக்கறாங்களாம். டாக்டரம்மா பேசிட்டாங்க. நாளைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றோம்.”

“நான் கார்ல...”

“பஸ்ல போய்க்கிறோம் சார்.”

வசந்தி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

“நீங்க இத எழுதணும். அந்தப் பக்கத்துலயே எழுதணும். மூலைல சின்னதா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. முழுசா எழுதுங்க. என்ன மாதிரி இன்னும் எத்தினி பேரு வெட்டி வச்சிருக்காங்களோ...”

“உங்க பேரப் போடலாமா?”

“போடுங்க. இன்னொண்ணு சார்...” சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். “சிரிக்கிற மாதிரி எழுதிடாதீங்க.”

எழுதிவிட்டேன். அங்கங்கே பழைய புத்தி எட்டிப் பார்த்திருந்தால் மன்னியுங்கள். இந்த வாரம் பத்தி பக்கத்துக்குள் அடங்கவில்லை. எதையும் எடுக்க முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். யார் வீட்டிலாவது அந்தப் பழைய பத்தி இருந்தால் கிழித்துப் போடுங்கள். வீட்டில் இந்தப் பிராணி இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். கொழுகொழுவென்று இருந்தாலும் கொண்டுபோங்கள். வாங்க நினைத்திருந்தால்... வேண்டாமே. அதற்கு ஒரு காடு இருக்கிறது. நம் சட்டைப் பை அதற்குப் போதாது.

விழுப்புரம் போய் வந்த கதையைக் காதர் பாய்தான் கடையில் வைத்துச் சொன்னார். மிக்சி ஜாரில் பிளேடை முடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல்.

கூண்டுக்குள் விட்டதும் ஆறும் வந்து ஜீராவை மோந்து பார்த்தனவாம். முதலில் கொஞ்சம் சண்டை. பிறகு ஒரு மூலையில் எல்லாம் ஒன்றாகச் சுருண்டுகொண்டன. எது ஜீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூர்ஜஹான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எதுவும் திரும்பவில்லை.

“அழுதாங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். அந்த அம்மாகிட்ட, இதுங்களுக்கு இன்னா இன்னா குடுக்கணும்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்கன்னு கேட்டுச்சி. ‘ஏம்மா, இனிமே உங்ககிட்டதான் ஒண்ணும் இல்லையே’ன்னாங்க அவங்க. ‘பரவால்ல, எழுதுங்க’ன்னுச்சி. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாங்க. பஸ்ல வர்றப்ப பூரா அத எடுத்து வச்சிக்கினு படிச்சிது சார். முடிச்சிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து. ஊரு வர்ற வரைக்கும்.”

இப்படிப் படிக்கிறார்கள், மனிதர்கள்.